மரபு புரோக்கோலியும் அதன் விதையும்

புரோக்கோலியில் நாம் உண்ணும் பச்சைத் தலை, இன்னும் விரியாத பூமொட்டுகளின் திரள். அதை அறுக்காமல் விட்டால் மொட்டுகள் நான்கிதழ் மஞ்சள் பூக்களாக மலர்ந்து, கடுகின் நெற்றுகளைப் போன்ற மெல்லிய காய்களைத் தரும்; இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இத்தாலிய மரபு ரகமான 'டி சிக்கோ'வின் விதையை ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றினால், பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களுக்குள் முளைத்துவிடும். 4 முதல் 6 வாரங்களில் நாற்றைப் பிடுங்கி, சுமார் 45 செ.மீ. இடைவெளியில் நடவேண்டும். நாற்றுத் தட்டிலேயே முற்றவிட்டால், வேர் நெருங்கிய செடி போதிய இலை விடுவதற்கு முன்பே பொத்தான் அளவிலான தலையைத் தள்ளிவிடும். தலை கட்டும் காலத்தில் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மொட்டுகள் சீராக வளராமல் மேடுபள்ளமாகிவிடும்.

இந்த ரகத்தின் செடிகள் எல்லாம் ஒரே நாளில் தலை கட்டுவதில்லை. ஒரே நாளில் அறுத்து லாரியில் ஏற்றும் விவசாயிக்கு இது குறை. வீட்டுத்தோட்டக்காரருக்கோ இதுவே வசதி. நடுத்தலையை அறுத்ததும், நுனியிலிருந்து இறங்கிவந்து பக்க மொட்டுகளை அடக்கிவைத்திருந்த ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைவதால், இலைக்கக்கங்களிலிருந்து சிறு தலைகள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

விதை எடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒரே ஒரு செடியை வைத்திருப்பவருக்குப் பூ நிறையக் கிடைத்தாலும் விதை அநேகமாகக் கிடைக்காது. மகரந்தத்தூளின் மேற்பூச்சிலுள்ள ஒரு சிறு புரதத்தைச் சூல்முடியின் மேற்பரப்புச் செல்களிலுள்ள ஏற்பி சோதிக்கிறது; அது தன் செடியின் புரதம்தான் என்று அடையாளம் கண்டால், அந்த மகரந்தத்துக்கு ஈரம் கிடைக்காமலும் குழல் வளராமலும் தடுத்துவிடுகிறது. இளம் மொட்டில் இந்த ஏற்பி இன்னும் உருவாகியிருக்காது என்பதால், இனவிருத்தியாளர்கள் இடுக்கியால் மொட்டைப் பிரித்து, அதே செடியின் மகரந்தத்தைத் தடவி விதை எடுப்பதுண்டு. நமக்கு அந்த நுட்பம் தேவையில்லை. ஒரே சமயத்தில் பூக்கும் பல செடிகளும் தேனீக்களும் இருந்தால் போதும்.

ஆனால் தேனீ ரகம் பார்ப்பதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் ஆகியவை புரோக்கோலியின் அதே இனத்தைச் சேர்ந்தவை என்பதால், அருகில் அவை பூத்திருந்தால் கலப்பு விதைதான் மிஞ்சும். ஆகவே ஒரு பருவத்தில் இவற்றில் ஒன்றை மட்டுமே பூக்கவிட வேண்டும். விதைக்கென நல்ல செடிகளை முதலிலேயே குறித்துவைப்பது முக்கியம், ஏனெனில் அவசரமாகப் பூத்துவிட்ட செடியில் விதை எடுத்தால் அடுத்த தலைமுறையும் அவசரப்படும். நெற்றுகள் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும், வெடித்துச் சிதறுவதற்கு முன் கொப்போடு அறுத்து நிழலில் உலர்த்த வேண்டும்.