கையில் காசில்லாத காலத்துப் புத்தி

கரும்பு விவசாயிக்குப் பெரிய வரவு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும், கரும்பை வெட்டி ஏற்ற வேண்டும், பிறகு பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். பணம் வந்த சில மாதங்களுக்குக் கை தாராளம். அடுத்த வெட்டு நெருங்கும்போது வீட்டு நகை அடகுக் கடையில் இருக்கும். அதே ஆள், அதே நிலம், அதே படிப்பு. கையிருப்பு மட்டும் ஏறி இறங்குகிறது. பணமுடை மனிதனின் புத்தியை என்ன செய்கிறது என்று அளந்து பார்க்க இதைவிடத் தோதான இடம் அமைவது கடினம்.

அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் நால்வரும் அதற்காகத்தான் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன் ஒரு சோதனை, பணம் வந்த பின் ஒரு சோதனை. முன்பு நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்பு 4 பேர். கடன் இருந்தவர்கள் முன்பு 99 சதவீதம், பின்பு 13.

சோதனைகள் இரண்டு. ஒன்று ரேவன் புதிர்: வரிசையாக வடிவங்கள் வரையப்பட்டிருக்கும், ஒரு கட்டம் மட்டும் காலி, அதில் பொருந்துவது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று சற்றுக் குறும்பானது. தாளில் ‘5 5 5’ என்று இருக்கும். இலக்கம் எத்தனை தடவை வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி, ஆகவே ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். வாய் ‘ஐந்து’ என்று சொல்லத் துடிக்கும். அந்தத் துடிப்பை எவ்வளவு வேகமாக அடக்க முடிகிறது என்பதே அளவு. இரண்டுக்கும் எழுத்தறிவு தேவையில்லை.

அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 புதிர்களைச் சரியாகப் போட்டவர்கள், பின்பு 5.45 போட்டார்கள். இலக்கச் சோதனைக்கு 146 வினாடி எடுத்தவர்கள் 131 வினாடியில் முடித்தார்கள்.

இரண்டாம் முறை பழகிப்போயிருக்கும் என்று சந்தேகம் வரலாம். அதற்காகவே சிலரை முதல் சுற்றில் சேர்க்காமல் விட்டு, அறுவடைக்குப் பின் மட்டும் சோதித்தார்கள். அவர்களும் மற்றவர்களைப் போலவே நன்றாகச் செய்தார்கள். பருவநிலை காரணமாக இருக்குமோ? ஆலைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு தருவதில்லை. ஒரே வாரத்தில் ஒருவர் பணம் வாங்கியிருப்பார், இன்னொருவர் காத்திருப்பார். அந்தக் கேள்விக்கும் இதில் பதில் இருந்தது. விவசாயிகள் சபித்துக்கொண்டிருக்கும் ஆலைக் காலதாமதம் ஆராய்ச்சிக்கு இப்படிக் கைகொடுத்தது ஒரு விசித்திரம்தான்.

இதே குழுவின் இன்னொரு சோதனை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வணிக வளாகத்தில் நடந்தது. உங்கள் கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய 150 டாலர் ஆகும், என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டுப் புதிர்களைக் கொடுத்தார்கள். வருமானம் குறைந்தவர்களும் அதிகமானவர்களும் ஒரே மாதிரி செய்தார்கள். வேறு சிலரிடம் அதே கேள்வியை 1,500 டாலர் என்று மாற்றிக் கேட்டபோது வருமானம் குறைந்தவர்களின் மதிப்பெண் சட்டென்று இறங்கியது, மற்றவர்களுடையது அசையவில்லை. பணச் செலவு சம்பந்தமே இல்லாத கணக்கில் அதே எண்களைக் கொடுத்தால் இந்த இறக்கம் இல்லை. ஆக, பெரிய எண் குழப்பவில்லை; ‘இதற்கு எங்கே போவேன்’ என்ற எண்ணம்தான் குழப்பியது. ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தால் எவ்வளவு மந்தமோ, ஏறக்குறைய அவ்வளவு என்று 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை கணக்கிட்டது.

இது எப்படி நடக்கிறது? ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. தீராத பணக் கவலை அந்தக் கொஞ்ச இடத்திலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. பல்லிடுக்கில் சிக்கிய நாரை நாக்கு தேடித் தேடிப் போவதைப்போல, வேண்டாம் என்றாலும் எண்ணம் அங்கேயே திரும்புகிறது. மிச்சமிருக்கும் கவனத்தில்தான் மாத்திரை வேளை, பிள்ளையின் பள்ளிப் படிவம், வட்டி எவ்வளவு என்ற கணக்கு எல்லாம் நடந்தாக வேண்டும்.

இதில் ஒரு திறமையும் கூடவே வளர்கிறது. விலை குறைந்த பொருளில் 50 டாலர் மிச்சமாகும் என்றால் இன்னொரு கடைவரை போகத் தயாராக இருக்கும் வசதியானவர்கள் பலர், விலை உயர்ந்த பொருளில் அதே 50 டாலருக்காக அசைய மாட்டார்கள். 50 எப்போதும் 50தானே? பொருளாதாரப் பாடப்புத்தகம் எதிர்பார்க்கும் அந்த நிதானம் வசதி குறைந்தவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது என்று ஷஃபீர் குழுவின் 2015 ஆய்வு காட்டியது. கண்ணெதிரே இருக்கும் செலவில் அவர்கள் கெட்டி. கண்ணுக்கு எட்டாத அடுத்த மாதம்தான் தவறிப்போகிறது. மீட்டர் வட்டிக்காரர் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

இந்த ஆராய்ச்சித் துறையை அப்படியே நம்பிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். விளையாட்டில் சிலருக்கு வாய்ப்புகளைக் குறைத்துக் கொடுத்தும், பற்றாக்குறையைக் கற்பனை செய்யச் சொல்லியும் நடத்திய ஆய்வகச் சோதனைகள் பல, மறுமுறை செய்தபோது அதே முடிவைத் தரவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்த 2016 ஆய்வு ஒன்று, அறிவுத்திறனில் வித்தியாசமே காணவில்லை. என் கணிப்பில், சில நாள் இழுபறியையும் மாதக்கணக்கில் நீளும் முடையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கற்பனைப் பஞ்சம் வேறு, அடகு ரசீது வேறு.

உண்மையான வேலை, உண்மையான கூலி என்று வரும்போது என்ன ஆகிறது என்பதை ஒடிசாவில் பார்த்தார்கள். சுப்ரீத் கவுர், முல்லைநாதன், சுவானா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் நடத்திய அந்தச் சோதனையில், தொழிலாளர்கள் இலைத் தட்டு தைத்தார்கள், தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. மொத்தக் கூலி எல்லோருக்கும் ஒரே விதம். சிலருக்கு மட்டும் அதுவரை சம்பாதித்ததைச் சில நாள் முன்கூட்டியே கொடுத்தார்கள். வாங்கியவர்கள் உடனே கடனை அடைத்தார்கள், வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். அடுத்த நாட்களில் அவர்களின் உற்பத்தி சுமார் 7 சதவீதம் கூடியது. எனக்குப் பிடித்த பகுதி அவசரத்தையும் கவனத்தையும் பிரித்துப் பார்த்த விதம். தட்டையே எடுத்துச் சோதித்தார்கள்: தேவைக்கு மேல் இலை செலவாகியிருக்கிறதா, தையல் அதிகமா, ஒரே இடத்தில் இரண்டு துளை விழுந்திருக்கிறதா? முன்பணம் வாங்கியவர்களின் தட்டுகளில் இந்தப் பிசகுகள் குறைந்திருந்தன. வேகம் கூடினால் வேலை மோசமாகும் என்பார்கள். இங்கே இரண்டும் சேர்ந்தே தேறின.

கூலித் தொகையைத் தொடாமல் தேதியை மட்டும் நகர்த்தியதில் வந்த மாற்றம் இது. மேற்குக் கென்யாவில் சோள விவசாயிகளிடமும் இதேபோல் ஒன்று நடந்தது. உரம் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது, நடவு நேரத்தில் காசுதான் இருக்காது. அறுவடை முடிந்த கையோடு போய், இப்போதே பணம் கட்டினால் நடவின்போது இலவசமாக வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். நடவு நேரத்தில் உரத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தால் கிடைக்கும் பலனுக்கு அது ஈடாக இருந்தது. எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களும் 2011இல் இதை வெளியிட்டார்கள்.

‘பொறுமை இல்லை, அதனால்தான் ஏழை’ என்ற பழிக்கும் ஒரு சோதனை இருக்கிறது. இனிப்பை இப்போதே தின்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு என்று குழந்தைகளுக்குச் சொல்லும் புகழ்பெற்ற சோதனையில் ஆய்வாளர் செலஸ்ட் கிட் 2013இல் ஒரு திருப்பம் வைத்தார். முதலில் எல்லாக் குழந்தைகளுக்கும் நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார்கள். ஒரு பாதியிடம் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மறு பாதியிடம் ‘மன்னித்துக்கொள், இல்லை’ என்று வெறுங்கையோடு வந்தார்கள். பிறகுதான் இனிப்பு. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். வராதது வராமலே போகும் இடத்தில் வளர்கிறவருக்கு, கையில் இருப்பதை உடனே தின்பதுதான் சரியான கணக்கு.

இதுவரை சொன்னது இல்லாமை. பக்கத்தில் இருப்பவரிடம் அதிகமாக இருப்பது மனதை வேறு விதமாகத் தொடுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு, எல்லோருடைய சம்பளமும் ஒரு இணையதளத்தில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் தெரியப்படுத்தினார்கள். துறையின் நடு அளவுக்குக் கீழே வாங்கியவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, சிலர் வேறு வேலை பார்க்கலாமா என்று யோசித்தார்கள். மேலே வாங்கியவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. ஒப்பீடு ஒரு பக்கம் மட்டுமே வலிக்கிறது. சம்பளத்தை ரகசியமாக வைக்கும் நிர்வாகங்கள் இதைச் சாட்சிக்கு அழைக்கலாம்.

அழைப்பதற்கு முன் ஒடிசாவின் இன்னொரு சோதனையையும் பார்த்துவிடுவது நல்லது. எமிலி ப்ரெஸா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தசானி மூவரும் 2018இல் வெளியிட்டது. மூன்று மூன்று பேர் கொண்ட குழுக்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே நாள்கூலி, சிலவற்றில் முன்பு செய்த வேலையின் தரவரிசைப்படி சிறு வித்தியாசம். அதே தொகையை வாங்கினாலும், தன் குழுவில் மற்றவர் அதிகம் வாங்குகிறார் என்று தெரிந்தவர்களின் உற்பத்தி இறங்கியது, வேலைக்கு வருவதும் 18 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. வராத நாளுக்குக் கூலி கிடையாது. தங்கள் கைக்காசை இழந்துதான் வராமல் இருந்தார்கள். நாள் போகப் போக இது தணியவில்லை, கூடியது. ஆனால் யார் எவ்வளவு செய்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்தாலே தெரியக்கூடிய வேலைகளில், அதே கூலி வித்தியாசத்துக்கு இந்த விளைவு எதுவுமே இல்லை. வேலைக்கு வந்தார்கள், தங்களுக்குள் ஒத்துழைத்தார்கள், உற்பத்தி இறங்கவில்லை. கூலி அங்கேயும் ரகசியமாக இல்லை.