எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் மெயில் போகிறதா? தானியங்கி விதிகள் தவறும் இடங்கள்

"புதிய கட்டுரை வெளியானால் சந்தாதாரர்களுக்கு மெயில் போக வேண்டும்." இணையதளம் நடத்துபவர்கள் முதலில் கேட்கும் தானியங்கி விதி பெரும்பாலும் இதுதான். பத்து நிமிட வேலை. காலையில் கட்டுரை வெளியாகிறது, மெயில் போகிறது. மதியம் யாரோ ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமிக்கிறார். அதே மெயில் மறுபடியும் போகிறது. மாலையில் படத்தை மாற்றினால் மூன்றாவது தடவை.

விதியைப் பிரித்துப் பாருங்கள். நிகழ்வு: பதிவு சேமிக்கப்படும்போது. நிபந்தனை: நிலை 'வெளியிடப்பட்டது' என்று இருந்தால். செயல்: மெயில் அனுப்பு. வெளியான கட்டுரையை எத்தனை முறை சேமித்தாலும் அதன் நிலை 'வெளியிடப்பட்டது'தானே! நமக்கு வேண்டியதோ வரைவு வெளியீடாக மாறும் அந்த ஒரு கணம். அதைப் பிடிக்க இரண்டு நிபந்தனை வேண்டும்: பழைய நிலை வெளியீடாக இருக்கக் கூடாது, புதிய நிலை வெளியீடாக இருக்க வேண்டும்.

பழைய மதிப்பு எங்கே கிடைக்கும்? இணையதளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் 'டிரான்சிஷன் போஸ்ட் ஸ்டேட்டஸ்' என்ற ஹுக் (ஒரு நிகழ்வின்போது நம் நிரலை ஓடவிடும் கொக்கி) புதிய நிலை, பழைய நிலை, பதிவு என மூன்றையும் கையில் கொடுத்துவிடும். அதே வகை மென்பொருளான ட்ருபலின் 7-ஆம் பதிப்பில், ரூல்ஸ் மாட்யூலில் (விதிகள் அமைக்க உதவும் கூடுதல் நிரல்) திருத்தத்துக்கு முந்தைய பதிவு 'அன்சேஞ்ச்டு' என்ற பெயரில் வரும். (ட்ருபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-உடன் முடிந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் இசிஏ மாட்யூலைப் பாருங்கள். நிகழ்வு, நிபந்தனை, செயல் என்ற அதே கட்டமைப்புதான்.) இதோடு நிறுத்தாமல், 'மெயில் போன நேரம்' என்று ஒரு மறைபுலத்தையும் (திரையில் தெரியாமல் தகவலை வைக்கும் இடம்) பதிவில் சேர்த்துவிடுங்கள். கட்டுரையை வரைவுக்கு இறக்கி மறுபடி வெளியிட்டால் நிலைமாற்றம் உண்மையிலேயே இரண்டாம் முறை நடக்கும். அந்தப் புலம் காலியாக இருந்தால் மட்டும் அனுப்பு என்ற நிபந்தனைதான் அப்போது காப்பாற்றும்.

'சேமி' என்ற நிகழ்வு நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. வேர்ட்பிரஸில் 'புதிதாகச் சேர்' பொத்தானை அழுத்தியதுமே ஒரு வெற்றுப் பதிவு தரவுத்தளத்தில் உருவாகிவிடும். 'சேவ் போஸ்ட்' ஹுக் அதற்கும் ஓடும், திருத்த வரலாற்றுக்காக எடுக்கப்படும் நகல்களுக்கும் ஓடும். ஆகவே பதிவின் வகையையும், அது திருத்த நகலா என்பதையும் பார்க்கும் நிபந்தனைகள் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

இன்னொரு குழி, வரிசை. 'செய்திகள் பிரிவில் வெளியானால்' என்று விதி போடுகிறோம். பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் விதி ஓடவில்லை. காரணம் இது: வேர்ட்பிரஸின் பிளாக் எடிட்டரில் பதிவு முதலில் சேமிக்கப்பட்டு, பிரிவும் தனிப்புலங்களும் அதன் பிறகே எழுதப்படுகின்றன. நிலைமாற்ற ஹுக் ஓடும் நேரத்தில் பிரிவு இன்னும் ஏறியிருக்காது. 5.6 பதிப்பில் வந்த 'டபிள்யூபி ஆஃப்டர் இன்செர்ட் போஸ்ட்' இதற்காகவே. பிரிவும் புலங்களும் எழுதப்பட்ட பிறகு ஓடும், மாற்றத்துக்கு முந்தைய பதிவையும் தரும். பழைய பாணி மெட்டா பாக்ஸ்கள் (எடிட்டரில் கூடுதல் விவரம் நிரப்பும் பெட்டிகள்) மட்டும் விதிவிலக்கு. அவை தனிக் கோரிக்கையாகப் பின்னால் வருவதால் இந்த ஹுக்குக்கும் எட்டாது.

விதியின் செயலே பதிவைத் திருத்திச் சேமித்தால் அந்தச் சேமிப்பு அதே விதியை மறுபடி எழுப்பும், முடிவே இல்லாமல். ட்ருபலில் புலத்தின் மதிப்பை மாற்றுவதுதான் வேலை என்றால் 'சேமிப்பதற்கு முன்' நிகழ்வைப் பயன்படுத்துங்கள். தனியாகச் சேமிக்கத் தேவையிருக்காது. ஆனால் புதிய பதிவுக்கு அந்தக் கட்டத்தில் அடையாள எண் (ஐடி) கிடைத்திருக்காது. மெயிலில் இணைப்பு வைக்க வேண்டுமானால் 'சேமித்த பின்' நிகழ்வுதான் வழி.

இனி நேரம். முன்கூட்டியே நாள் குறித்த கட்டுரையை வெளியிடுவது மனிதர் அல்ல, கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் அமைப்பு). அப்போது லாகின் செய்த பயனர் யாருமில்லை. 'பயனர் ஆசிரியராக இருந்தால்' என்று நிபந்தனை வைத்திருந்தால் கையால் வெளியிடும்போது ஓடும், நாள் குறித்த கட்டுரைக்கு ஓடாது. யார் அழுத்தினார் என்பதைப் பார்க்காமல் பதிவை எழுதியவர் யார் என்பதைப் பாருங்கள்.

வேர்ட்பிரஸின் கிரான் உண்மையான கடிகாரமும் அல்ல; யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழிக்கும். பக்கங்களை முழுசாக கேஷில் (முன்பே எடுத்துவைத்த நகலில்) இருந்தே கொடுக்கும் தளங்களில் வருகையாளர் இருந்தும் அது விழிக்காமல் கிடக்கலாம். கான்ஃபிக் கோப்பில் அதை அணைத்துவிட்டு, சர்வரின் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி வையுங்கள். ட்ருபலின் தானியங்கி கிரானுக்கு இயல்பு இடைவெளி 3 மணி நேரம். அறிவிப்பு மதியம் 12 மணிக்குத் தளத்திலிருந்து இறங்க வேண்டுமென்றால் இது போதாது.

'கடைசி நாள் முடிந்தால் மறை' என்ற விதியில் நேரம் இல்லாத தேதிப் புலத்தை இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டால், அந்தத் தேதி நள்ளிரவு 00:00 என்றே கணக்காகும். கடைசி நாளன்று காலையிலேயே அறிவிப்பு காணாமல் போகும். கடைசி நாளோடு ஒரு நாளைக் கூட்டி ஒப்பிடுங்கள். தரவுத்தளத்தில் இருப்பது யுடிசி (உலகப் பொது நேரம்) நேரமா, தளத்தின் நேரமா என்பதையும் பார்த்துவிடுங்கள். 'நீக்கு' என்ற செயலை விதியில் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வரைவாக மாற்றினால் தவறு நடந்தாலும் ஒரு சொடுக்கில் திரும்பிவிடும்.

மெயிலையும் சேமிப்பின் நடுவிலேயே அனுப்பக் கூடாது. இரண்டாயிரம் பேருக்கு அனுப்பி முடிக்கும்வரை ஆசிரியரின் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். என்ஜின்எக்ஸ் சர்வர் இயல்பாக 60 விநாடிதான் பொறுக்கும். பிறகு 504 பிழை (நேரம் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு). சேமிக்கவில்லை என்று நினைத்து அவர் மறுபடி பொத்தானை அழுத்துவார், பாதிப் பேருக்கு இரண்டு மெயில் போகும். விதியானது காத்திருப்பு வரிசையில் (க்யூ) ஒரு வேலையைச் சேர்த்தால் போதும், ஐம்பது ஐம்பதாகக் கிரான் அனுப்பிக்கொள்ளும்.

சோதிக்கும்போது செயலாக லாகில் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேடு) ஒரு வரி எழுதுவதை மட்டும் வைத்து ஒரு வாரம் ஓடவிடுங்கள். புதிய வரைவு, நேரடி வெளியீடு, நாள் குறித்த வெளியீடு, வெளியானதைத் திருத்துவது, இறக்கி ஏற்றுவது, பட்டியலில் இருந்து மொத்தமாக மாற்றுவது என ஆறையும் செய்து பார்த்து, எதற்கு வரி விழுந்தது என்று எண்ணுங்கள். சோதனைத் தளத்துக்காக நேரடித் தளத்தின் தரவுத்தளத்தை நகலெடுத்தால் சந்தாதாரர் முகவரிகளும் கிரான் வேலைகளும் கூடவே வரும். அந்தத் தளத்தை முதல் முறை திறப்பதற்கு முன்பே, வெளியே போகும் மெயில் எல்லாம் ஒரே முகவரிக்குத் திரும்பும்படி மாற்றியிருக்க வேண்டும்.