"ரெண்டும் நல்லாப் போகுது சிஸ்டர்": இரட்டையருக்குத் துணி நாப்பி கட்டும் வீடுகளுக்கு

இரட்டைக் குழந்தைகளோடு வீட்டுக்குக் கிளம்பும் குடும்பங்கள் எங்களிடம் கேட்பது, "எத்தனை துணி வேணும் சிஸ்டர்?" ஒரு வாரம் கழித்து அவர்கள் பரிசோதனைக்கு வரும்போது நாங்கள் கேட்பது, "எந்தக் குழந்தை எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?" அதற்குப் பாட்டிமார்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், "ரெண்டும் நல்லாப் போகுதும்மா." பச்சிளங்குழந்தை வார்டுச் செவிலியருக்கு இதைவிடப் பயம் தரும் பதில் இல்லை.

ஒரு நாளில் இருபது துணி நனைந்தால், ஆளுக்குப் பத்து என்று மனம் தானாக வகுத்துக்கொள்கிறது. அது பதினாறும் நாலுமாக இருக்கலாம். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் நிரம்பும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். இருவரில் ஒன்று எடை குறைந்து இருப்பதும் சகஜம். அந்தச் சின்னது அழாது, சப்பும்போதே தூங்கிவிடும். வீட்டில் அதற்கு "சமத்து" என்று பெயர் வேறு. பெரியது கத்திக் கத்திப் பாலை வாங்கிக்கொள்ளும்போது, சமத்து மெல்ல உலர்ந்துகொண்டிருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது துணிதான். டயப்பரில் உள்ள ஜெல் ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடுகிறது. முதல் மாதத்துக்குத் துணியே கட்டுங்கள் என்று நான் சொல்வது செலவுக்காக அல்ல, இந்தக் கணக்குக்காக.

ஆகவே துணி வெட்டும் நாளிலேயே ஆளுக்குத் தனியாகப் பிரித்துவிடுங்கள். இரண்டு பேருக்கும் வெள்ளைத் துணிதான் நல்லது, நிறம் தெரிய வேண்டும். ஒருவருடைய துணியின் மூலையில் மட்டும் கலர் நூலால் மிஷின் தையல் போட்டால் அடையாளம் ஆயிற்று. கழற்றிய துணிகளுக்கும் இரண்டு வாளி வையுங்கள். துவைப்பவர் எண்ணிச் சொல்லட்டும். நோட்டு எழுத யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு எட்டு முழ வேட்டியில் இரண்டடிச் சதுரமாகப் பன்னிரண்டு துணி வரும். நாலு வேட்டி இருந்தால் இருவருக்கும் ஓடும். இரண்டு கிலோவுக்கும் குறைவான குழந்தைக்கு இரண்டடி பெரிது, ஒன்றரை அடி போதும்.

சிறுநீர் பிறந்த அன்று ஒரு தடவை, மறுநாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொரு குழந்தையும் 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு தடவையாவது போக வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஆறு அல்ல. முதலில் தார் போலக் கறுப்பாக வரும் மலம் பச்சையாகி, நாலைந்து நாளில் மஞ்சளாகும். முதல் சில நாள் துணியில் செங்கல் பொடி மாதிரித் திட்டு தெரிந்தால் அது ரத்தம் அல்ல, சிறுநீரில் வரும் யூரேட் உப்பு. ஐந்தாம் நாளுக்குப் பிறகும் அது தெரிந்தால் அந்தக் குழந்தைக்குப் பால் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு காட்டுங்கள். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் ஒரு சொட்டு ரத்தம் படுவது, தாயின் ஹார்மோன் குறைவதால் வருவது. அதற்குப் பதறி ஓடி வர வேண்டாம். ஆண் குழந்தைக்குத் துணி மாற்றும்போது சிறுநீர் பீச்சி அடிக்கிறதா, சொட்டுச் சொட்டாக வழிகிறதா என்று பாருங்கள். எப்போதும் சொட்டாகவே வந்தால் பாதையில் அடைப்பு இருக்கலாம்.

வெள்ளை மலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மஞ்சள் மலத்தில் தயிர்த் துளி போலத் திப்பி இருந்தால் பரவாயில்லை. மலம் முழுவதுமே சுண்ணாம்போ களிமண்ணோ போல வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம் அடைபட்டிருக்கக்கூடும். "பவுடர் பால் குடுக்கிறோம், அதான் வெள்ளையாப் போகுது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே நாள் கடத்தும் வீடுகள் உண்டு. இந்த அடைப்புக்கான அறுவை சிகிச்சையைக் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

இனி அந்தத் துணி எங்கிருந்து வருகிறது என்பது. பழைய பருத்திப் புடவை, வேட்டியை விட மெத்தென்ற துணி கடையில் கிடையாது, மறுக்கவில்லை. ஆனால் அது பீரோவுக்குள் எதோடு கிடந்தது? அந்துருண்டை, பாச்சை உருண்டை, எப்படிச் சொன்னாலும் பெரும்பாலும் அது நாப்தலீன். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவு. ஆண் குழந்தைகளில் இது அதிகம். நாப்தலீன் ஆவி மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே போனால், இந்தக் குழந்தைகளின் சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து மஞ்சள் காமாலை ஒரே நாளில் எகிறும். மூளைக்கு ஏறினால் காது கேட்காமல் போகலாம், கைகால் இயக்கமே பாதிக்கலாம். நாப்தலீன் எண்ணெயில் கரையும் என்பதால் எண்ணெய் தேய்த்த உடம்பு அதை இன்னும் உறிஞ்சும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்க்காத நாள் ஏது? இந்தக் குறை இருப்பது ரத்தப் பரிசோதனை செய்யாமல் முன்கூட்டித் தெரியாது. ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த, உருவ ஒற்றுமை உள்ள ஆண் இரட்டையரில் ஒருவனுக்கு இருந்தால் மற்றவனுக்கும் இருக்கும். உருண்டை வாசனை அடிக்கும் துணி, ஸ்வெட்டர், போர்வை எதையும் இந்த மாதங்களில் குழந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். துவைத்தால் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருக்காமல், வேறு துணி எடுங்கள்.

பழைய புடவையில் இன்னொரு தொல்லை, பிரியும் நூல். கால் விரலிலோ ஆண்குறியிலோ ஒரு நூல் சுற்றிக்கொண்டால் அந்த இடம் வீங்கி ரத்த ஓட்டமே நின்றுவிடும். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால் துணியைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். துணியின் ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

ஈரத் துணி எடை குறைந்த குழந்தையின் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இருவரையும் ஒரே ரப்பர் ஷீட்டில் படுக்கவைத்தால் ஒருவர் போனது மற்றவர் முதுகுக்கு ஓடும், அப்போது நனைந்திருப்பது யார் என்ற கணக்கும் கெடும். அடியில் தனித்தனி விரிப்பு போடுங்கள். தொப்புள் காய்ந்து விழும்வரை நாப்பியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். காலை நீட்டி இறுக்கிக் கட்டுவது இடுப்பு மூட்டுக்கு ஆகாது. இரட்டையரில் ஒன்று வயிற்றில் தலை மேலாக இருந்திருந்தால் அதற்கு மூட்டு விலகும் ஆபத்து ஏற்கெனவே கூடுதல். தவளைக் கால் போல மடங்கியே இருக்கட்டும்.

துவைப்பதில் பெரிய வித்தை இல்லை. மலத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு, சோப்பு முழுக்கப் போகும்வரை அலசி, வெயிலில் போடுங்கள். கிருமிநாசினியில் ஊறவைப்பதும் வாசனைக்காகக் கம்ஃபர்ட் வகைகளை ஊற்றுவதும் தோலை எரிக்கத்தான் செய்யும், துணியும் ஈரம் இழுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நசநசப்போடு கட்டினால் தொடை மடிப்புக்குள் சிவந்து சுற்றிலும் பொட்டுப் பொட்டாகப் பரவும் பூஞ்சைப் புண் வரும். அதற்குப் பவுடர் போடாதீர்கள், காட்டுங்கள். அந்த மாதங்களில் இஸ்திரி போட்டாவது ஈரத்தைப் போக்குங்கள்.

துவைக்க ஆள் இல்லாத வீட்டில் பச்சை உடம்புக்காரியே அத்தனை துணியையும் கசக்கிக்கொண்டிருப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அப்பாவுக்கும் இரண்டு கை இருக்கிறது. அதுவும் முடியாதென்றால் இரவுக்கு டயப்பர் போடுங்கள், உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பர் வையுங்கள்; நனைந்திருக்கிறதா என்று அது சொல்லிவிடும்.

சந்தேகமாகத் தெரியும் துணியைத் துவைக்காமல் கவரில் போட்டு, எந்தக் குழந்தையுடையது என்று எழுதிக் கொண்டுவாருங்கள். போட்டோ எடுப்பதானால் பகலில் ஜன்னலோரம் எடுங்கள். ட்யூப்லைட்டில் எடுத்த படத்தில் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.