இருபத்திரண்டு தடங்களுக்கு ஒரே வாசல்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மவுண்ட் கிளேர் ரயில் பட்டறை வளாகத்தில் ஒரு ரவுண்ட்ஹவுஸ் இருக்கிறது; அதாவது, நடுவிலிருந்து விரியும் தடங்களில் ரயில் வண்டிகளை நிறுத்தும் வட்டக் கொட்டகை. பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில் நிறுவனத்துக்காக எஃப்ரேம் ஃபிரான்சிஸ் பால்ட்வின் வடிவமைத்து 1884-இல் எழும்பிய கட்டடம். பார்வைக்கு வட்டம், எண்ணினால் 22 பக்கங்கள். உயரம் சுமார் 37 மீட்டர்.

ரவுண்ட்ஹவுஸ் என்றாலே நீராவி இன்ஜினைத் திசை திருப்பும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் இந்தக் கட்டடம் பயணிகள் பெட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஓடும் பெட்டியை எதற்குத் திருப்ப வேண்டும்?

விடை நடுவில் உள்ள சுழல்மேடையில் இருக்கிறது; வண்டியைத் தாங்கியபடி சுழன்று, வேண்டிய தடத்தோடு பொருந்தி நிற்கும் தண்டவாள மேடை அது. நேரான ஷெட்டில் ஒரே பாதையிலிருந்து 22 தடங்கள் பிரிய 21 பாயிண்டுகள் (வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பும் அமைப்புகள்) வேண்டும். அவை வரிசையாக அமைய நீளமான நிலமும் வேண்டும். ஒரே தடத்தில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினாலோ, உள்ளே இருப்பதை எடுக்க முன்னால் நிற்பதையெல்லாம் நகர்த்தியாக வேண்டும். சுழல்மேடை இருந்தால் ஒரு பாயிண்டுகூட வேண்டாம். எந்தப் பெட்டியும் மற்றதைத் தொடாமல் வெளியே வரும். நெருக்கமான தொழில் நகரத்தில் இது பெரிய வரம்.

இன்ஜின் ஷெட்களில் இதே மேடைகளைக் கையாலேயே தள்ளிச் சுழற்றினார்கள். எடை முழுவதும் நடு அச்சில் இறங்கினால் உராய்வு அச்சுக்கு மிக அருகிலேயே நின்றுவிடும். தள்ளுபவர்களோ மேடையின் விளிம்பில், நீண்ட நெம்புகோலின் முனையில் நிற்கிறார்கள். அதனால் ஓரிருவரே பல டன்களைத் திருப்ப முடிந்தது. ஆனால் இன்ஜின் சமநிலையில் நிற்க வேண்டும். பின்னால் நீரும் எரிபொருளும் சுமந்து வரும் டெண்டர் வண்டியில் தண்ணீர் குறைந்தாலே எடையின் மையம் முன்னால் நகர்ந்துவிடும். டிரைவர் அரை அடி முன்னே, கால் அடி பின்னே என்று இன்ஜினை நகர்த்திப் பார்ப்பார். மேடையின் இரு முனைகளும் பாரம் விட்டு லேசானதும் நிறுத்துவார். எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே மிகவும் பிடித்த கணம் அதுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மேடை பழுதானால் உள்ளே இருப்பவை அத்தனையும் சிறைதான். பிறகு டீசல் வந்தது. இரண்டு இன்ஜின்களை முதுகோடு முதுகாகக் கோத்துவிட்டால் திருப்பும் வேலையே இல்லை.

மவுண்ட் கிளேர் 1953-இல் அருங்காட்சியகமானது. மேடை சுழலும் இடத்தில் தூண் நிறுத்த முடியாது என்பதால், அதன் பரந்த கூரையை உள்ளே ஒரு தூண் வளையம்தான் தாங்கியது. 2003 பிப்ரவரியில் பெய்த கடும் பனியின் பாரத்தில் கூரையின் ஏறக்குறைய பாதி, அடியில் நின்ற பழைய இன்ஜின்கள்மீதும் பெட்டிகள்மீதும் சரிந்தது. கூரையைத் திரும்பக் கட்டி, 2004 நவம்பரில் மீண்டும் திறந்தார்கள்.