மின்னஞ்சலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து: லாகின் எங்கே தடுக்கி விழுகிறது

கைபேசியில் ஒருவர் கணக்குத் தொடங்குகிறார். கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடுகிறது, அவர் கவனிப்பதில்லை. பிறகு கணினியில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடித்தால் ‘இந்த முகவரியில் கணக்கு இல்லை’ என்று வருகிறது. பாஸ்வேர்டு ரீசெட் கேட்டாலும் அதே பதில். வேறு வழியின்றிப் புதிதாகப் பதிவு செய்கிறார், சிஸ்டமும் ஏற்றுக்கொள்கிறது. இப்போது ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு; பணம் கட்டிய விவரம் ஒன்றில், அவர் திறந்து பார்ப்பது இன்னொன்றை. இதில் அவர் தவறு எதுவுமே இல்லை.

விதி என்ன சொல்கிறது? 2008-இல் வந்த மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான பொது விதி ஆவணமான ஆர்எஃப்சி 5321-இன்படி, @ குறிக்குப் பின்னால் வரும் டொமைனில் எழுத்தின் அளவு பொருட்டல்ல. முன்னால் வரும் பகுதியில் அது பொருட்டு. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அஞ்சலைப் பெறும் சர்வரின் உரிமை. ஆனால் அந்த வேறுபாட்டை நம்பி முகவரி வைக்க வேண்டாம் என்றும் அதே ஆவணம் அறிவுறுத்துகிறது. நடைமுறையில் பெரிய அஞ்சல் சேவைகள் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கின்றன.

ஆகவே டேட்டாபேஸில் முகவரிக்கு இரண்டு நெடுவரிசை (column) வைத்துக்கொள்ளுங்கள். பயனர் அடித்த முகவரி அப்படியே ஒன்றில். மெயில் அனுப்ப அதுதான். முன்பின் இடைவெளி நீக்கி, முழுக்கச் சின்ன எழுத்தாக்கியது மற்றொன்றில். லாகினில் தேட அது. இணையதளம் உருவாக்க உதவும் பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவில் உள்ள ‘நார்மலைஸ் ஈமெயில்’ என்ற செயற்கூறு டொமைனை மட்டுமே சின்ன எழுத்தாக்கும். முழு முகவரியையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று நிரல் கோடில் பார்ப்பது மட்டும் போதாது. ஒரே நொடியில் இரண்டு ரிக்வெஸ்ட் வந்தால் இரண்டுக்குமே ‘இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். ஒரே மதிப்பு இரண்டு முறை பதிவாகாமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும். இதிலும் டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு உண்டு. போஸ்ட்கிரெஸ் எழுத்தின் அளவைப் பிரித்துப் பார்க்கும். மைஎஸ்க்யூஎல்-இன் வழக்கமான கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிடும் விதி, பிரித்துப் பார்க்காது. 8-ஆம் பதிப்பில் எழுத்தின் மேலுள்ள உச்சரிப்புக் குறியைக்கூடக் கண்டுகொள்ளாது. ஒன்றில் ஓடிய கோடு மற்றதற்கு மாறியதும் உடைவது இதனால்தான்.

இந்தத் தளர்வான ஒப்பீடுதான் பாதுகாப்பில் ஓட்டை போடுகிறது. 2019 டிசம்பரில் ஜாங்கோ சரிசெய்த குறை ஒன்றைப் பாருங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் சில எழுத்துகள் அளவு மாற்றும்போது சாதாரண ஆங்கில எழுத்தாகிவிடும். புள்ளியில்லாத துருக்கிய ‘ஐ’ பெரிய எழுத்தானால் ஆங்கிலப் பெரிய ‘ஐ’தான். அப்படியொரு எழுத்து கொண்ட, தன் கையில் இருக்கும் முகவரியைத் தாக்குபவர் ரீசெட் பக்கத்தில் அடிக்கிறார். ஒப்பீட்டில் அது வேறொருவரின் கணக்கோடு பொருந்துகிறது. ரீசெட் லிங்க்கை அடித்த முகவரிக்கே அனுப்பினால் அந்தக் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். கணக்கில் பதிவாகியுள்ள முகவரிக்கு மட்டுமே லிங்க் போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஜாவாவில் எழுதுபவர்கள் சின்ன எழுத்தாக்கும்போது எந்த மொழியையும் சாராத அமைப்பான ‘லோக்கேல் ரூட்’ என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் துருக்கிய அமைப்பில் ஓடும் சர்வரில் பெரிய ‘ஐ’ புள்ளியில்லாத எழுத்தாக மாறி, லாகின் கிடைக்காது.

படிவத்தில் இன்புட் வகையை ‘ஈமெயில்’ என்று கொடுத்து, முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் ஆட்டோகேபிடலைஸை அணைத்துவிடுங்கள். சின்ன எழுத்தாக்கும் மாற்றம் பாஸ்வேர்டு பெட்டியைத் தொடவே கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் இரட்டைக் கணக்குகள் இருக்கும்வரை யூனிக் இண்டெக்ஸ் ஏறாது. முதலில் சின்ன எழுத்து வடிவத்தில் குழுவாக்கி, ஒன்றுக்கு மேல் வருபவற்றை எடுங்கள். தானியங்கியாக இணைத்துவிடாதீர்கள், அதில் ஒன்று உறுதிசெய்யப்படாத கணக்காக, வேறு யாரோ திறந்ததாக இருக்கலாம். மெயில் உறுதியானதா, கடைசி லாகின் எப்போது, கட்டணம் எதில் என்று பார்த்து, உரியவரிடம் கேட்ட பிறகே இணையுங்கள். அதுவரை அந்த இணைகளுக்கு மட்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் லாகின் என்று வைத்துக்கொள்ளலாம்.