லேத்துக்கு ராசி இல்லையா, பெட் முறுக்கியிருக்கிறதா?

கோவைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டு ஷெட்டில் வைத்துக்கொள்ள பழைய நாலரை அடி லேத் (கடைசல் மெஷின்) ஒன்று வாங்கினேன். விற்றவர் பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோது ராடு இரண்டு முனையிலும் ஒரே அளவு வந்தது. வீட்டில் இறக்கி ஓட்டினால் 150 மி.மீ நீளத்துக்குள் 0.06 மி.மீ டேப்பர் அடிக்கிறது, அதாவது ஒரு முனை பருத்தும் மறு முனை ஒல்லியாகவும் வருகிறது. இந்த மெஷினுக்கு ராசி இல்லை, கொடுத்துவிடு என்கிறார் மாமா. கொடுத்துவிடலாமா?"

கொடுக்க வேண்டாம். முதலில் அதன் காலைப் பாருங்கள்.

லேத் வேலை செய்யும் விதம் தெரிந்ததுதான். சக் என்ற பிடியில் இறுக்கிய ராடு சுற்றுகிறது. டூல், அதாவது வெட்டும் கத்தி, பெட் என்ற நீண்ட அடிச்சட்டத்தின் மேல் நீளவாக்கில் நகர்ந்து சீவுகிறது. டூல் போகும் பாதை ராடு சுற்றும் அச்சுக்கு இணையாக இருந்தால் உருளை கிடைக்கும், இல்லையென்றால் கூம்பு. ஆகவே கேள்வி ஒன்றுதான். விற்றவர் பட்டறையில் இணையாக இருந்த பாதை, வண்டியில் ஏற்றி இறக்கியதும் ஏன் விலகியது?

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மர மேஜைக்கு ஒரு கால் குட்டையாக இருந்தால் ஆடும். கட்டில் ஆடாது. சட்டம் லேசாக முறுக்கிக்கொண்டு நாலு காலையும் தரையில் ஊன்றிவிடும். லேத் பெட்டைப் பார்த்தால் மேஜை ஜாதி என்றுதான் தோன்றும். அரை டன் எடை, கையால் அசைக்க முடியாத வார்ப்பிரும்பு. ஆனால் நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தால் அது கட்டில் ஜாதிதான். கால் போல்ட்டை இறுக்கினால் தரை எப்படி இருக்கிறதோ அப்படி முறுக்கிக்கொள்கிறது.

சரி, முறுக்கினால் டூலுக்கு என்ன ஆகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

40 மி.மீ விட்டமுள்ள ராடு ஒன்றைக் கடைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். டூல் முனை நேர்கீழாக 0.1 மி.மீ இறங்கினால் விட்டம் எவ்வளவு மாறும்? பிதாகரஸ் போதும். ஆரம் 20-லிருந்து 20.00025 ஆகிறது. விட்டத்தில் வித்தியாசம் அரை மைக்ரான், அதாவது ஒன்றுமே இல்லை. வட்டத்தின் தொடுகோட்டு வழியே டூல் வழுக்குவதால் இப்படி. அதே 0.1 மி.மீ டூல் பக்கவாட்டில் பின்வாங்கினால் விட்டம் 0.2 மி.மீ கூடிவிடும். 400 மடங்கு! மேலும் கீழுமான பிழையை லேத் மன்னித்துவிடும். முன்னும் பின்னுமான பிழையை அப்படியே ராடில் எழுதிவிடும்.

முறுக்கம் இந்த மன்னிக்கக்கூடிய பிழையை மன்னிக்க முடியாததாக மாற்றிவிடுகிறது. டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிரே ராடின் மறு முனையைத் தாங்கும் பகுதி) இருக்கும் முனையில் பெட்டின் முன்பக்கம், அதாவது நாம் நிற்கும் பக்கம், 0.1 மி.மீ தாழ்ந்திருக்கிறது என்று வையுங்கள். டூலைச் சுமந்துகொண்டு அந்த இடத்துக்கு வரும் கேரேஜ் நம் பக்கம் லேசாகச் சாயும். டூல் முனை இருப்பதோ பெட்டுக்கு மேலே, சுமார் 165 மி.மீ உயரத்தில். பெட் 250 மி.மீ அகலம் என்றால் முனை 0.1 × 165 ÷ 250, அதாவது 0.066 மி.மீ நம் பக்கம் விலகும். தென்னை மரம் அடியில் சற்றுச் சாய்ந்தால் உச்சி எவ்வளவோ விலகுகிறதே, அதே கணக்கு. ராடில் அது 0.13 மி.மீ ஆகத் தெரியும். கீழே ஏறக்குறைய ஒரு தலைமுடிக் கனச் சரிவு, மேலே டேப்பராக வந்து நிற்கிறது.

இதற்கு ராசி என்று பெயர் வைப்பதுதான் எனக்கு வருத்தம். ஆயுத பூஜையன்று லேத்தைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கும் வழக்கத்தை நான் மதிக்கிறேன், நானும் செய்கிறேன். தொழிலுக்குக் காட்டும் மரியாதை அது. ஆனால் ராசி இல்லை என்று சொன்ன கணமே தேடுவதை நிறுத்திவிடுகிறோம். நல்ல மெஷின் கிலோ விலைக்குக் காயலான் கடைக்குப் போகிறது.

தேடும் வழி எளிது. சுமார் 40 மி.மீ தடிமனான ராடை சக்கிலிருந்து 150 மி.மீ வெளியே நீட்டிப் பிடியுங்கள். டெயில்ஸ்டாக் துணை வேண்டாம். நடுப்பகுதியை ஒல்லியாகக் கடைந்துவிட்டு இரு முனையிலும் ஒவ்வொரு வளையம் விடுங்கள். டூலை முன்னும் பின்னும் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் இரண்டு வளையத்தையும் ஒரே அமைப்பில், கூரான டூலால் மிக மெல்லியதாகச் சீவுங்கள். அப்புறம் மைக்ரோமீட்டர். வெளி முனை வளையம் பெரிதாக இருந்தால் டூல் அங்கே பின்வாங்கியிருக்கிறது. டெயில்ஸ்டாக் பக்கத்து முன் காலை உயர்த்த வேண்டும். சிறிதாக இருந்தால் பின் காலை.

என் லேத்தை முதன்முதலில் இப்படிச் சரிசெய்தபோது காலுக்கடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடு கையில் இல்லை. காலிக் குளிர்பான டின் ஒன்றைக் கத்தரித்தேன். அதன் சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஒரு துண்டைக் காலுக்கடியில் சொருகி, போல்ட்டை இறுக்கி, மறுபடி சீவி அளந்தேன். வித்தியாசம் 0.05-லிருந்து 0.03 ஆயிற்று. இன்னொரு துண்டு: 0.01. எவ்வளவு பெரிய இரும்பு, ஒரு டின் தகட்டுக்குப் பதில் சொல்கிறதே என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

கவனியுங்கள், லேத் மட்டமாக இருக்க வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கப்பலில் ஆடிக்கொண்டே லேத் ஓட்டுகிறார்கள். முறுக்கம் இல்லாமல் இருந்தால் போதும். ரசமட்டம் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அவ்வளவுதான். அதுவும் கொத்தனார் ரசமட்டம் ஆகாது, மீட்டருக்கு 0.02 மி.மீ சரிவைக் காட்டும் துல்லிய மட்டம் வேண்டும். ஐ.டி.ஐ.களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் கணினியில் ஓடும் புது சி.என்.சி மெஷின் வாங்க நிதி ஒதுக்குவது நல்லதுதான். கூடவே இப்படி ஒரு மட்டத்தையும், அதை மாணவர் கையில் கொடுத்துப் பழக்கும் மணி நேரத்தையும் ஒதுக்கினால் இன்னும் நல்லது என்பது என் கருத்து.

எல்லா டேப்பரும் முறுக்கம் அல்ல. பழைய லேத்தில் சக் பக்கத்துப் பெட்தான் அதிகம் ஓடித் தேய்ந்திருக்கும். கேரேஜை அங்கே கொண்டுபோய், பூட்டை லேசாக உரசும் அளவுக்கு இறுக்கி, டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். போகப் போக இறுகினால் தேய்மானம். நகத்தால் வருடினால் படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பும் தட்டுப்படும். முறுக்கம் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகும். தேய்மானம் நடுவில் வளையும். மூன்றாவது வளையம் ஒன்று விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தேய்மானத்தைக் காலில் தகடு வைத்துத் தீர்க்க முடியாது. பெட்டை கிரைண்டிங் அல்லது ஸ்கிரேப்பிங் செய்ய வேண்டும். செலவு மெஷின் விலையைத் தொடலாம்.

இனி வாங்கப் போகிறவர்கள் பளபளப்பான புது பெயிண்டைப் பார்க்க வேண்டாம், இந்த விளிம்பைத் தேடுங்கள். மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்குரூ அங்குல அளவில் இருந்தால் 127 பல் கியர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 25.4-க்குள் ஒளிந்திருக்கும் பகா எண் அது. அது இல்லாமல் மில்லிமீட்டர் மரை அச்சாக வராது. மூன்று ஃபேஸ் இணைப்பு இல்லாத வீட்டுக்கு, ஒரு ஃபேஸ் மின்சாரத்திலிருந்து மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டும் வி.எஃப்.டி என்ற கருவி இருக்கிறது; மோட்டாரின் உள் இணைப்பை டெல்டா முறைக்கு மாற்ற முடியுமா என்பதை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

வாசகருக்கு இன்னொன்று. உங்கள் ஷெட் கரிசல் மண்ணில் இருந்தால் மழையில் மண் உப்பும், வெயிலில் சுருங்கும். தரை நகர்ந்தால் லேத்தும் கூடவே முறுக்கும். இப்போது சரிசெய்த பிறகு அந்த இரண்டு வளைய ராடைப் பத்திரமாக வையுங்கள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் அதையே மறுபடி பிடித்து, ஒரு மெல்லிய சீவு சீவி அளந்து பாருங்கள்.