எஸ்வி (ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற சூப்பர்வைசர்) தேடுறதுக்கு முன்னாடி அவரோட பழைய ஸ்டூடண்டைத் தேடுங்க

கேஎல்ல (கோலாலம்பூர்) கேரியர் கவுன்சலரா இருக்கேன். யூனிவர்சிட்டிக்குப் போறதுக்கு முன்ன எழுதுற எஸ்டிபிஎம், மெட்ரிக் ரிசல்ட் வர்ற சீசன்ல என் ரூம்ல நடக்கிற பேச்சு முக்கால்வாசி ஒரே மாதிரிதான். மெடிசின் கிடைக்கல, பயோமெடிக்கல் சயின்ஸ்தான் வந்திருக்கு, எடுக்கலாமா, எடுத்தா என்ன வேலைன்னு புள்ள கேட்கும், உடனே அப்பா குறுக்க வந்து "முடிச்சிட்டு மாஸ்டர், பிஎச்டின்னு ரிசர்ச் பக்கம் போயிடட்டும் மேடம்"னு ரொம்ப ஈஸியா சொல்லிடுவாரு. ரிசர்ச் பண்றவங்க யார்கிட்டயாவது நேர்ல பேசியிருக்கீங்களான்னு கேட்டா ரெண்டு பேருக்கும் பதில் இருக்காது. டாக்டரைத் தெரியும், லாயரைத் தெரியும், சொந்தத்துல ஒரு இன்ஜினியராவது இருப்பாரு, ஆனா லேப்ல ஒருத்தர் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்னதான் பண்றாருன்னு பக்கத்துல இருந்து பார்த்தவங்க நம்ம குடும்பங்கள்ல கம்மி.

அதனால முடிஞ்சப்பல்லாம் ஒரு விஞ்ஞானியையும் நாலஞ்சு பிள்ளைங்களையும் ஒரே மேசையில உட்கார வைப்பேன், பெரும்பாலும் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஏதாவது ஒரு கடைதான், அங்க தே தாரிக்கோட பேச்சு நல்லா வரும். பிரச்சினை என்னன்னா பிள்ளைங்க கொண்டு வர்ற கேள்வி. "சின்ன வயசுலயே சயின்டிஸ்ட் ஆகணும்னு ஆசையா சார்?", "எங்களுக்கு என்ன அட்வைஸ் சார்?" இதுக்கு அவரும் பாவம், நல்லா உழைக்கணும், விடாமுயற்சி வேணும்னு எதையாவது சொல்லிட்டுப் போயிடுவாரு. கேட்க நல்லா இருக்கும், ஃபார்ம் நிரப்புறப்போ ஒண்ணுத்துக்கும் உதவாது.

ஒரு தடவை செந்தூல்ல இருந்து ஒரு அம்மா பொண்ணோட வந்திருந்தாங்க. மைக்ரோபயாலஜி பண்ற தம்பி ஒருத்தர் பாக்டீரியா, ஆன்டிபயாட்டிக்னு விளக்கிட்டு இருக்காரு, அந்தம்மா பொறுமையா கேட்டு முடிச்சிட்டு, "தம்பி, இந்த வேலை பெர்மனன்ட்டா?"ன்னாங்க. பொண்ணுக்கு வெட்கமாப் போச்சு, அம்மா கையைக் கிள்ளுது. அவரு சிரிச்சிட்டு, "இல்லக்கா, கான்ட்ராக்ட்தான். கிராண்ட், அதாவது ஆராய்ச்சிக்குக் குடுக்கிற காசு, இருக்கிற வரைக்கும் சம்பளம், முடிஞ்சா அடுத்த கிராண்ட்டைத் தேடணும்"னாரு. அப்போ லேப்ல உங்களோட இருந்தவங்கல்லாம் இப்போ எங்கன்னு அடுத்த கேள்வி. ஒருத்தர் கையுறை கம்பெனியில குவாலிட்டி கன்ட்ரோல், ஒருத்தர் டியூஷன் சென்டர் வச்சிருக்காரு, ஒரு பொண்ணு ஜெர்மனியில போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை), இன்னொருத்தர் பாதியிலயே விட்டுட்டாருன்னு ஒவ்வொருத்தரா சொல்லிட்டே வந்தாரு. அன்னைக்கு மேசையில இருந்த எல்லாரையும்விட உருப்படியா கேள்வி கேட்டது அந்தம்மாதான்னு இன்னைக்கும் சொல்வேன். மைக்குக்கு முன்னாடி நிக்கிறவங்க எல்லாம் நிலைச்சு நின்னவங்க, விட்டுப் போனவங்க கதை அவங்க வாயில இருந்து கேட்டாத்தான் வரும்.

அப்புறம், எது சொதப்புச்சுன்னு கேளுங்க. அதே தம்பி சொன்னது, தீபாவளி லீவுல மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் நின்னு போச்சாம், அலாரம் அடிச்சிருக்கு, கேட்க ஆள் இல்ல, திரும்பி வந்து திறந்தா சேர்த்து வச்ச சாம்பிள் டியூப் எல்லாம் உருகி லேபிள் கையோட வருது. பல மாச வேலை. அதைச் சொல்றப்போ அவரு முகத்துல கோபம்கூட இல்ல, அடுத்த நாளே லிஸ்ட் போட்டு மறுபடி ஆரம்பிச்சேன்னாரு. நம்மால அப்படி முடியுமான்னு பொண்ணு அங்கேயே யோசிக்க ஆரம்பிச்சிருச்சு.

ரிசர்ச்னா எவ்வளவு நாள் இழுக்கும்னு கேட்கிறவங்களுக்கு நான் சொல்ற கதை நம்ம ஊர்ல நடந்தது, நம்ம சாப்பாட்டைப் பத்தினதும்கூட. நூறு வருஷத்துக்கு முன்ன மலாயாவுல பெரிபெரி நோய் சீனத் தொழிலாளிங்களைக் கொத்துக் கொத்தா கொண்டு போச்சு, அதே நாட்டுல தோட்டத்துல வேலை செஞ்ச தமிழங்களுக்கு அவ்வளவா வரல. தமிழன் புழுங்கலரிசி சாப்பிடுறான், அவங்க தீட்டின வெள்ளை அரிசி சாப்பிடுறாங்கன்னு பிராடன்ங்கிற டாக்டர் கவனிச்சாரு. 1905-ல வில்லியம் ஃபிளெட்சர்னு இன்னொரு டாக்டர் கேஎல் மனநல விடுதியில பாதிப் பேருக்குப் புழுங்கலரிசி, மீதிப் பேருக்கு வெள்ளை அரிசின்னு ஒரு வருஷம் போட்டுப் பார்த்தாரு, நோய் வந்து செத்ததெல்லாம் வெள்ளை அரிசிப் பக்கம். (இன்னைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதை விடாது, விடவும் கூடாது.) அப்புறம் கேஎல்ல ஐஎம்ஆர்ங்கிற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துல ஃப்ரேசர், ஸ்டேன்டன்னு ரெண்டு பேரு, தீட்டுறப்போ அரிசியில இருந்து ஏதோ ஒரு சத்து போயிடுதுன்னு காட்டினாங்க. அந்தச் சத்தைத் தனியாப் பிரிச்சு எடுத்தது 1926-ல, ஜாவாவுல. நாம இன்னைக்கு வைட்டமின் பி1னு சொல்றது அதுதான். அரிசியில விஷம் இருக்குன்னுதான் பிராடன் கடைசி வரைக்கும் வாதாடினாரு, காரணம் தப்பு, பார்த்தது சரி. ஒரு கேள்விக்கு இருபது வருஷம், அதுல நாலஞ்சு பேரோட கேரியர். உங்க கிராண்ட் ரெண்டு மூணு வருஷம்தான் ஓடும்.

அந்த ரெண்டு மூணு வருஷக் கணக்குதான் நான் ரொம்பப் பார்த்த சிக்கல். ஜிஆர்ஏன்னு, அதாவது படிச்சுக்கிட்டே எஸ்விக்கு ஆராய்ச்சி உதவியாளரா, சேர்றீங்க, மாசாமாசம் காசு எஸ்வியோட கிராண்ட்ல இருந்து வருது, எஃப்ஆர்ஜிஎஸ் மாதிரி அரசாங்க கிராண்ட்டா இருந்தா அது நீங்க சேர்றதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருக்கும், உங்க பிஎச்டி மூணு நாலு வருஷம் இழுக்கும், நடுவுல காசு நிக்கும். நின்னதும் பார்ட் டைம் வேலைக்குப் போவீங்க, தீசிஸ் தூங்கும், ஜிஓடி (குறிச்ச காலத்துக்குள்ள படிப்பை முடிக்கிறது) என்னாச்சுன்னு கேட்டு ஆபீஸ்ல இருந்து ஈமெயில் வர ஆரம்பிக்கும். "உங்க கிராண்ட் எப்போ முடியுது ப்ரொஃப், அதுக்கப்புறம் எனக்கு என்ன ஏற்பாடு?"ன்னு முதல் மீட்டிங்லயே கேளுங்க, மரியாதைக் குறைவு இல்ல. நல்ல எஸ்வி தேதியோட சொல்வாங்க. "அதெல்லாம் பார்த்துக்கலாம்"னு சொன்னா நீங்களும் வேற லேப்பைப் பார்த்துக்கலாம்.

தமிழ், வரலாறு, சமூகவியல் பக்கம் போறவங்களும் இதையே கேட்கணும், இன்னும் அழுத்தியே கேட்கணும், ஏன்னா அங்க ஜிஆர்ஏ கிடைக்கிறது கஷ்டம்னு என்கிட்ட வர்ற பிள்ளைங்க சொல்றாங்க. ஆனா அந்தப் பக்கம் நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையில தனிநாயகம் அடிகளார் இருந்த காலத்துல, 1966-ல முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடே நம்ம கேஎல்லதான் நடந்துச்சு.

எஸ்விகிட்ட பேசினது பாதிதான். தலைப்புல சொன்ன மாதிரி அவரோட பழைய ஸ்டூடண்டைப் பிடிங்க, இப்ப இருக்கிற ஒருத்தரையும் பிடிங்க, எஸ்வி இல்லாத இடத்துல பேசுங்க. டிராஃப்ட் குடுத்தா எத்தனை வாரத்துல திரும்பி வருது, பேப்பர்ல முதல் பேரு யாருக்கு, பேப்பர் எந்த ஜர்னல்ல வந்துச்சு. கடைசிக் கேள்வி முக்கியம். பேப்பர் வந்தாத்தான் பட்டம்னு ரூல் இருக்கிற இடத்துல பயத்துல பிள்ளைங்க காசு வாங்கிட்டு ரெண்டு வாரத்துல போடுற போலி ஜர்னல்ல போய் விழுறாங்க. கொலராடோவுல ஜெஃப்ரி பீல்னு ஒரு லைப்ரரியன் இந்த மாதிரி ஜர்னல்களை லிஸ்ட் போட்டு வச்சிருந்தாரு, 2017-ல எடுத்துட்டாரு, அதோட பழைய காப்பியை நம்பி இருக்காதீங்க. ஸ்கோபஸ்ங்கிற ஜர்னல் பட்டியல்ல இருக்குன்னு ஜர்னல்காரனே சொல்றதையும் நம்பாதீங்க, ஸ்கோபஸ் தளத்துக்கே போய் தேடுங்க, முன்ன இருந்து இப்போ நிறுத்திட்டாங்களான்னும் பாருங்க. வீட்டுல இருந்தே பிஎச்டின்னு ஃபேஸ்புக்ல விளம்பரம் வந்தா முதல்ல எம்கியூஏ (படிப்புகளை அங்கீகரிக்கிற மலேசிய அரசாங்க அமைப்பு) பதிவேட்டுல அந்தப் படிப்பு இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.

ரிசர்ச் பண்றவங்களை எப்படிப் பிடிக்கிறதுன்னுதான் அடுத்து கேட்பீங்க. ஈமெயில் போதும். "உங்க ஆராய்ச்சியில ரொம்ப ஆர்வம்"னு பொதுவா எழுதினா யாரும் பதில் போட மாட்டாங்க, அவரு எழுதின ஒரு பேப்பரைப் படிச்சு, அதுல உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தைக் கேளுங்க, இருபது நிமிஷம் பேச முடியுமான்னு கேளுங்க, பத்து வரிக்கு மேல வேணாம். எக்ஸாம் பேப்பர் திருத்துற வாரத்துல அனுப்பாதீங்க. செமஸ்டர் பிரேக் ஆரம்பிச்ச முதல் வாரம் நல்ல நேரம், ரெண்டு வாரமாப் பதில் இல்லன்னா ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அப்பவும் இல்லன்னா அதே டிபார்ட்மென்ட்ல அடுத்த பேருக்கு எழுதுங்க.